விடுதலையான வழக்கை மீண்டும் திறக்கும் சட்டம்: ஸ்காட்லாந்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவரை ஒரே குற்றத்திற்காக இருமுறை விசாரிக்கக் கூடாது என்பது குற்றவியல் நீதியின் மிகப் பழைய விதிகளில் ஒன்றாகும். ஸ்காட்லாந்தில் இந்த விதி பல நூற்றாண்டுகளாக எழுதப்படாத பொதுச் சட்டமாக இருந்தது. 2011 நவம்பர் 28 அன்று நடைமுறைக்கு வந்த 'டபுள் ஜியோபார்டி (ஸ்காட்லாந்து) சட்டம் 2011' அதற்கு எழுத்து வடிவம் தந்து, கூடவே மூன்று விதிவிலக்குகளையும் வகுத்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் இதே வேலையை 2003ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 10ஆம் பகுதி வழியாக ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2005 ஏப்ரல் 4 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தன. இத்தகைய சட்டம் எழுதப்படுவதிலிருந்து அதன்கீழ் ஒரு மறுவிசாரணை முடிவது வரை என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை, ஸ்காட்லாந்தின் அனுபவத்தை அடிப்படையாகவும் இங்கிலாந்தின் அனுபவத்தை ஒப்பீட்டுக்கும் வைத்து, இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நாடாளுமன்ற வாக்கெடுப்போடு நின்றுவிடுகிறது. என் கணிப்பில், சட்டம் பயன்படுமா பயன்படாதா என்பது வாக்கெடுப்புக்குப் பிந்தைய மாதங்களில், பழைய சான்றுப்பொருள்கள் எங்கே எந்த நிலையில் இருக்கின்றன என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையில்தான் தீர்மானமாகிறது.

படி 1: விதியை முதலில் எழுத வேண்டும்

விதிவிலக்கு வேண்டும் என்ற கோரிக்கையே எப்போதும் முன்னால் வந்து நிற்கும். ஆயினும் ஸ்காட்லாந்துச் சட்டத்தின் முதல் பிரிவு விதிவிலக்கைப் பற்றிப் பேசவில்லை. தண்டிக்கப்பட்டவரையோ விடுதலை செய்யப்பட்டவரையோ அதே குற்றத்திற்காக மீண்டும் விசாரிக்க முடியாது என்பதையும், அதே செயல்களிலிருந்து, அல்லது பெரும்பாலும் அதே செயல்களிலிருந்து, எழும் கடுமையான வேறொரு குற்றத்தின் பெயரால் அந்தத் தடையைச் சுற்றிப் போக முடியாது என்பதையும் அது உறுதி செய்கிறது. கொள்ளை வழக்கில் விடுதலையான ஒருவர் மீது, அதே இரவு, அதே தெரு, அதே கத்தியை வைத்துப் பெயர் மாற்றிய இன்னொரு குற்றச்சாட்டைச் சுமத்துவது இதனால் தடுக்கப்படுகிறது. விதி எங்கே முடிகிறது என்று எழுதி வைக்காமல் விதிவிலக்குகளை எழுதினால், ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் எல்லையை மறுபடி வரைய வேண்டியிருக்கும்.

படி 2: எந்தச் சூழ்நிலைகளில் வழக்கைத் திறக்கலாம் என்பதை வரையறுத்தல்

ஸ்காட்லாந்துச் சட்டம் மூன்று சூழ்நிலைகளை ஏற்கிறது. முதலாவது கறைபட்ட விடுதலை: நீதிபதிக்கோ ஜூரிக்கோ (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) சாட்சிக்கோ லஞ்சம் கொடுத்தோ மிரட்டியோ பெற்ற தீர்ப்பு. இதை யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச் சட்டப்பிரிவு வந்துவிட்டது. முதல் விசாரணையே முறையாக நடக்கவில்லை என்பதால், அந்த நபர் உண்மையில் ஒருமுறைகூட விசாரணைக்கு உள்ளாகவில்லை என்பதே இதன் பின்னுள்ள தர்க்கம்.

இரண்டாவது, விடுதலைக்குப் பின் வெளிவரும் ஒப்புதல். இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் 1989இல் நடந்த ஒரு கொலையில், இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வர இயலாமல் 1991இல் விடுதலையான பில்லி டன்லப், பின்னர் கொலையை ஒப்புக்கொண்டார். அப்போதைய சட்டப்படி அவர் மீது பொய்ச்சாட்சி வழக்கு மட்டுமே போட முடிந்தது. 2000இல் அதற்காக ஆறு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கொல்லப்பட்டவரின் தாயான ஆன் மிங் நடத்திய நீண்ட பரப்புரையும் சேர்ந்துதான் இங்கிலாந்துச் சட்டத்தை மாற்ற வைத்தது. புதிய சட்டத்தின்கீழ் 2006இல் டன்லப்பின் விடுதலை ரத்து செய்யப்பட்டு, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். அங்கே அதுவே முதல் வழக்கு.

மூன்றாவது, புதிய சான்று. கருத்து வேறுபாடு முழுவதும் இங்கேதான். ஸ்காட்லாந்துச் சட்ட ஆணையம் 2009 டிசம்பரில் அளித்த அறிக்கையில் முதல் இரண்டையும் ஏற்றது. பொதுவான புதிய சான்று விதிவிலக்கைப் பரிந்துரைக்கத் தயங்கியது. அரசும் நாடாளுமன்றமும் அதைத் தாண்டிச் சென்றன. அரசுத் தரப்பு தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டாலும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற மெத்தனம் வந்துவிடும், விடுதலையானவர் வாழ்நாள் முழுவதும் அடுத்த வழக்கை எதிர்பார்த்தே இருக்க நேரும் என்ற இரண்டு அச்சங்களும் நியாயமானவை. அவற்றுக்குச் சட்டத்தின் வாசகத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

அந்தப் பதிலின் ஒரு பகுதி, எந்தக் குற்றங்களுக்கு இது பொருந்தும் என்ற வரம்பு. இங்கிலாந்து கொலை, பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட கடும் குற்றங்களை ஓர் அட்டவணையில் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. ஸ்காட்லாந்து, முதல் விசாரணை உயர் குற்றவியல் நீதிமன்றத்தில் நடந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றத்தை வைத்து வரம்பு வகுத்தது. பட்டியலில் தெளிவு அதிகம். ஆனால் விடுபட்ட ஒரு குற்றத்திற்காக மறுபடியும் சட்டத் திருத்தம் தேவைப்படும். நீதிமன்றத்தை வைத்து வகுப்பதில் அந்தச் சிக்கல் இல்லை என்றாலும், எந்த வழக்கு எந்த நீதிமன்றத்திற்குப் போக வேண்டும் என்று அன்று அரசு வழக்குத் தொடுநர் எடுத்த முடிவு பல ஆண்டுகள் கழித்து எதிர்பாராத கனம் பெற்றுவிடுகிறது.

படி 3: பழைய தீர்ப்புகளுக்கும் பொருந்துமா என்று முடிவு செய்தல்

இதை விவாதிக்காமல் எந்த நாடும் கடந்துவிட முடியாது. சட்டம் இனிமேல் வரும் விடுதலைகளுக்கு மட்டும் பொருந்தும் என்றால், அந்தச் சட்டத்தைக் கேட்டுப் போராடிய எந்தக் குடும்பத்திற்கும் அது உதவாது. முந்தைய விடுதலைகளுக்கும் பொருந்தும் என்றால், இறுதித் தீர்ப்பு என்று அரசே உறுதி கூறிய ஒன்றை அரசே திரும்பப் பெறுகிறது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தன.

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, செய்தபோது குற்றமாக இல்லாத செயலைப் பின்னர் குற்றமாக்கித் தண்டிப்பதைத் தடுக்கிறது. கொலை பல பத்தாண்டுகளுக்கு முன்னும் குற்றம்தான் என்பதால், மாறுவது விசாரணை நடைமுறை மட்டுமே என்ற வாதம் இங்கே நிற்கிறது. அதே உடன்படிக்கையின் ஏழாவது நெறிமுறை இருமுறை விசாரணையைத் தடை செய்கிறது. பிரிட்டன் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. இருந்தாலும், புதிய உண்மைகள் தெரியவந்தாலோ முந்தைய நடவடிக்கையில் அடிப்படைக் குறை இருந்தாலோ வழக்கைத் திறக்கலாம் என்று அந்த நெறிமுறையே இடம் தருகிறது. சட்டவரைவு எழுதுபவர்கள் இந்த வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுத வேண்டும். ஸ்காட்லாந்துக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது; மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணான சட்டம் இயற்ற அதன் நாடாளுமன்றத்திற்கு 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டப்படி அதிகாரமே இல்லை.

படி 4: மசோதாவிலிருந்து அரச ஒப்புதல் வரை

மசோதா 2010 அக்டோபரில் அறிமுகமாகி, குழு ஆய்வு, திருத்தங்கள், இறுதி விவாதம் என மூன்று கட்டங்களைக் கடந்து, 2011 மார்ச் 22 அன்று நிறைவேறி, ஏப்ரல் 27 அன்று அரச ஒப்புதல் பெற்றது. இடைப்பட்ட காலத்திற்கும் காரணம் உண்டு: நிறைவேறிய மசோதாவைத் தலைமைச் சட்ட அதிகாரிகள் உச்ச நீதிமன்றத்தின் ஆய்வுக்கு அனுப்புவதற்கு நான்கு வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

படி 5: ஒப்புதலுக்கும் நடைமுறைக்கும் இடையிலான மாதங்கள்

அரச ஒப்புதல் கிடைத்த நாளிலேயே சட்டம் உயிர்பெறுவதில்லை. அமைச்சர்கள் தொடக்க ஆணை ஒன்றைப் பிறப்பித்து நாளைக் குறிக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கு இதற்கு ஏழு மாதங்கள் ஆயின. இங்கிலாந்துக்கு 2003 நவம்பர் 20 முதல் 2005 ஏப்ரல் வரை பதினாறு மாதங்களுக்கு மேல் ஆயின. இதைத் தாமதம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆயத்தமில்லாமல் குறித்த நாளில் முதல் மனு போய் விழுந்தால், அந்த மனுவே சட்டத்தின் பெயரைக் கெடுத்துவிடும்.

இந்த மாதங்களில் முதலில் வர வேண்டியவை நீதிமன்ற விதிகள்: மனுவின் படிவம், அறிவிப்பு யாருக்கு எப்போது தரப்பட வேண்டும், பதிலளிக்க எவ்வளவு அவகாசம், விசாரணை வெளிப்படையாக நடக்குமா என்பவை. ஸ்காட்லாந்தில் இவற்றை உயர் குற்றவியல் நீதிமன்றமே 'ஆக்ட் ஆஃப் அட்ஜர்னல்' என்னும் ஆணை மூலம் வகுக்கிறது. அடுத்து, பழைய விசாரணையை நடத்திய அணியைச் சாராத வழக்குத் தொடுநர்கள் வேண்டும். தோற்ற வழக்கைத் தோற்றவரிடமே மறு ஆய்வுக்குக் கொடுப்பது மனித இயல்புக்கு ஒத்துவராது. ஸ்காட்லாந்தில் லார்ட் அட்வகேட்டாக (அங்கே அரசு வழக்குத் துறையின் தலைவர்) இருந்த ஃபிராங்க் முல்ஹாலண்ட் காலத்தில், தேங்கிப்போன வழக்குகளுக்கெனத் தனிப் பிரிவு அமைக்கப்பட்டது.

மூன்றாவது வேலைதான் எல்லாவற்றிலும் கடினமானது, யாரும் பாராட்டாததும்கூட. விடுதலையில் முடிந்த வழக்கின் சான்றுப்பொருள்கள், எவருக்கும் இனித் தேவைப்படாதவை என்று கருதப்பட்டவை. அவை திருப்பித் தரப்பட்டிருக்கலாம், அழிக்கப்பட்டிருக்கலாம், வேறொரு வழக்கின் பொருள்களோடு ஒரே பெட்டியில் வைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே சேமிப்பு அறைகளைப் பட்டியலிட்டு, எந்தப் பொருள் எந்த நாளில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவைக் கண்டெடுத்து, சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடிய வழக்குகளில் இனி எதையும் அழிக்கக் கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். புதிய டி.என்.ஏ முடிவு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், அந்தத் துணி இருபது ஆண்டுகள் எந்தப் பையில் இருந்தது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது பயன்படாது.

படி 6: வழக்குகளைத் தேர்ந்தெடுத்தல்

நடைமுறைக்கு வரும் நாளில் ஊடகங்கள் ஒரு பட்டியலை ஏற்கனவே வைத்திருக்கும். வழக்குத் தொடுநரின் பட்டியல் அதுவாக இருக்கக் கூடாது. புதிய சான்றின் பேரில் ஒரு விடுதலைக்கு எதிராக ஒரே ஒரு முறைதான் மனு செய்ய முடியும் என்று இரு சட்டங்களும் வரம்பிட்டுள்ளன. எனவே, 'மனு செய்ய முடியுமா' என்பதோடு 'இன்னும் ஐந்து ஆண்டு காத்திருந்தால் ஆய்வுக்கூடம் கூடுதலாக எதையாவது சொல்லுமா' என்பதையும் கேட்க வேண்டும். காத்திருந்தால் சாட்சிகள் இறந்துபோவார்கள், குற்றம் சாட்டப்பட்டவரும் முதுமையடைவார். இந்த இரண்டுக்கும் இடையில் சரியான நேரத்தைக் கணிப்பதற்குச் சூத்திரம் ஏதும் இல்லை.

'வேர்ல்ட்ஸ் எண்ட்' என்ற மதுவிடுதியின் பெயரால் அறியப்படும் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1977 அக்டோபரில் எடின்பரோவின் அந்த மதுவிடுதியில் கடைசியாகக் காணப்பட்ட, 17 வயதான இரு பெண்கள் கொல்லப்பட்டனர். 2007இல் ஆங்கஸ் சின்க்ளேர் மீது நடந்த விசாரணையில், ஜூரி முன் வைக்கப் போதிய சான்று இல்லை என்று நீதிபதியே வழக்கை முடித்துவைத்தார். பின்னர் அப்போதைய லார்ட் அட்வகேட் நாடாளுமன்றத்தில் அளித்த அறிக்கையால் வழக்குத் துறைக்கும் நீதித்துறைக்கும் இடையே உரசல்கூட எழுந்தது. சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தும் மறுவிசாரணைக்கு அனுமதி கிடைத்தது 2014இல்தான். பெண்களைக் கட்டியிருந்த துணிகளின் முடிச்சுகளுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட டி.என்.ஏ உள்ளிட்ட சான்றுகள் அந்த இடைவெளியில் வலுப்பெற்றன. 2014 நவம்பரில் சின்க்ளேருக்கு ஆயுள் தண்டனையும், குறைந்தது 37 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்ற ஆணையும் கிடைத்தன.

படி 7: விடுதலையானவரை மீண்டும் புலனாய்வு செய்தல்

சட்டத்தின் பார்வையில் அவர் குற்றமற்றவர். எனவே காவல்துறை வழக்கம்போல வாசலில் போய் நிற்க முடியாது. இங்கிலாந்துச் சட்டம் இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறது: கைது, விசாரணை, சோதனை, கைரேகை, மாதிரி எடுத்தல் ஆகியவற்றுக்கு முன் பொது வழக்குத் தொடுநர் தலைவரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும், தாமதித்தால் புலனாய்வு கெட்டுவிடும் என்ற அவசர நிலைக்கு மட்டும் தனி வழி உண்டு. புதிதாக இத்தகைய சட்டம் எழுதும் எவரும் இந்தப் பகுதியை விட்டுவிடக் கூடாது. இது இல்லாவிட்டால் விடுதலைத் தீர்ப்பு காவல்துறைக்கு ஓர் இடைவேளையாக மட்டுமே தெரியும்.

படி 8: மனுவும் நான்கு நிபந்தனைகளும்

ஸ்காட்லாந்தில் லார்ட் அட்வகேட் மட்டுமே மனு செய்யலாம். உயர் குற்றவியல் நீதிமன்றத்தின் குறைந்தது மூன்று நீதிபதிகள் அதை விசாரிப்பர். புதிய சான்று வழக்கை வெகுவாக வலுப்படுத்த வேண்டும். முதல் விசாரணையின்போது அது கிடைக்காததாகவும், உரிய முயற்சி எடுத்திருந்தாலும் கிடைத்திருக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். பழைய சான்றையும் புதியதையும் சேர்த்துப் பார்க்கும் நியாயமான ஜூரி தண்டித்திருக்க மிகுந்த வாய்ப்பு இருக்க வேண்டும். மறுவிசாரணை நீதியின் நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். நான்கும் ஒருசேர நிறைவேற வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன. இங்கிலாந்தில், முதல் விசாரணையில் முன்வைக்கப்படாத எந்தச் சான்றும் 'புதியது'தான். காவல்துறையின் அலட்சியம், நீதியின் நலன் என்ற தலைப்பின்கீழ் எடைபோடப்படும் காரணிகளில் ஒன்று மட்டுமே. ஸ்காட்லாந்திலோ அலட்சியம் கதவையே சாத்திவிடுகிறது. அதிகாரிகளின் தவறுக்கு இறந்தவரின் குடும்பம் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எழும். அது எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வி அல்ல. ஆயினும், முதல் விசாரணைக்கு முன் எல்லாவற்றையும் சோதித்தாக வேண்டும் என்ற அழுத்தத்தை ஸ்காட்லாந்தின் வாசகமே கூடுதலாக உண்டாக்குகிறது என்பதால், எனக்கு அதுவே ஏற்புடையதாகப் படுகிறது.

மூன்றாவது நிபந்தனைக்குள் ஸ்காட்லாந்துக்கே உரிய இன்னொரு தேவையும் ஒளிந்திருக்கிறது. அங்கே ஒரு குற்றத்தை மெய்ப்பிக்க, ஒன்றையொன்று உறுதிசெய்யும் தனித்தனிச் சான்றுகள் வேண்டும். எனவே ஒற்றை ஒப்புதலோ ஒற்றை இரத்தக்கறையோ எவ்வளவு அதிர்ச்சி தந்தாலும், துணை நிற்கும் சான்று இல்லாமல் மனு தேறாது. இந்தத் தேர்வு வெறும் சடங்கு அன்று. 1992இல் நடந்த ஒரு கொலையில் 'மெய்ப்பிக்கப்படவில்லை' என்ற, அந்நாளில் அங்கே வழக்கில் இருந்த மூன்றாம் வகைத் தீர்ப்பால் விடுதலையானவருக்கு எதிரான மனுவை, 2016இல் நீதிமன்றம் நிராகரித்தது.

படி 9: மறுவிசாரணை

அனுமதி கிடைத்தபின் இரண்டு மாதங்களுக்குள் வழக்குத் தொடங்கப்பட வேண்டும். தொடங்காவிட்டால் விடுதலை நிலைத்துவிடும். அதன்பின் நடப்பது பழைய வழக்கின் தொடர்ச்சி அல்ல. பதினைந்து பேர் கொண்ட புதிய ஜூரியின் முன் முழுதும் புதிதாக நடக்கும் விசாரணை. அந்தப் பதினைந்து பேருக்கும் முந்தைய செய்திகள் இணையத்தில் ஒரு விரல் தொலைவில் இருக்கின்றன. நீதிபதிகள் ஒருமுறை 'தண்டனைக்கு மிகுந்த வாய்ப்பு' என்று சொல்லிவிட்டார்கள் என்பது ஜூரிக்குத் தெரிந்தால் விசாரணையே பொருளற்றுப்போகும். ஆகவே மனு விசாரணையின் விவரங்களை வெளியிடுவதற்கான கட்டுப்பாடுகள் அனுமதி கிடைத்த நாளிலிருந்து அல்ல, மனு தாக்கலாகும் நாளிலிருந்தே கேட்டுப் பெறப்பட வேண்டும்.

சுர்ஜித் சிங் சோக்கர் 1998 நவம்பரில் கொல்லப்பட்ட வழக்கு, இந்தப் படி எவ்வளவு காலம் கழித்து வரக்கூடும் என்பதைக் காட்டுகிறது. முதலில் விடுதலையான ரானி கூல்டர், 2016இல் கிளாஸ்கோவில் நடந்த மறுவிசாரணையில் தண்டிக்கப்பட்டார். சாட்சிகள் பதினெட்டு ஆண்டு பழைய நினைவுகளிலிருந்து பேச வேண்டியிருந்தது. எனவே முதல் விசாரணையின் சொல்லுக்குச் சொல்லான பதிவைத் தேடி எடுத்து, இரு தரப்புக்கும் முன்கூட்டியே தருவது இங்கே மிகவும் பயன்படும்.

மறுவிசாரணையிலும் விடுதலை கிடைத்தால், புதிய சான்றைச் சொல்லி மூன்றாவது முறை வர முடியாது.

படி 10: மனு செய்யாத வழக்குகள்

பரிசீலிக்கப்படும் வழக்குகளில் பலவும் மனுவாக மாறுவதில்லை. இவற்றை எப்படி முடிப்பது என்று சட்டத்தில் எழுதியிருக்காது. ஆனால் ஒரு நடைமுறை இருந்தாக வேண்டும். எந்தப் பொருள்கள் சோதிக்கப்பட்டன, எந்த முறையில், எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்பதைக் கோப்பில் தெளிவாக எழுதி, இறந்தவரின் குடும்பத்திற்கு நேரில் விளக்க வேண்டும். ஒரே மனு என்ற வாய்ப்பு இன்னும் செலவாகவில்லை என்பதையும், அது பயன்படும் என்று வாக்குக் கொடுக்க இயலாது என்பதையும் அவர்களிடம் சேர்த்தே சொல்ல வேண்டும். பொருள்கள் முத்திரையிடப்பட்டு, அடுத்த ஆய்வுக்குரிய ஆண்டு குறிக்கப்பட்டு, சேமிப்பறைக்குத் திரும்ப வேண்டும். சோதனைக்காக முழு மாதிரியையும் தீர்த்துவிடாமல் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கும்படி ஆய்வுக்கூடத்திற்கு முன்பே எழுதித் தந்திருக்க வேண்டும்.